தேவராஜ் சார் என்கிற பேய்த் திருக்கை

1. மேல வா

கேம் கம்பெனியில் என் முதல் நாள் வேலை, ஒரு ஷூவைச் சாயங்காலம் வரைக்கும் கடலில் தள்ளிக் கொல்வது.

ஊர்ப் பிள்ளைகள் இப்போது என்னைப் பார்த்தால் கேட்கிறார்கள். "அக்கா, கேம் டெஸ்டர்னா சும்மா உக்காந்து விளையாடறதுதானே? அதுக்குச் சம்பளம் வேற குடுக்கறாங்களாமே?" அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். சும்மா உட்கார்ந்து விளையாடுவதுதான். ஆனால் ஒரே பள்ளத்தில் ஒரே ஷூவைத் திரும்பத் திரும்பத் தள்ளி, ஒவ்வொரு தடவையும் அது ஒழுங்காகச் சாகிறதா, பாதியில் சுவருக்குள் சிக்கிக்கொள்கிறதா என்று பார்த்து எழுதிக்கொண்டே இருந்தால், ராத்திரி கனவில் உங்கள் செருப்பே உங்களைத் திட்டும்.

அதற்கு முன்னால் நான் ஆம்பூரில் ஒரு பெரிய ஷூ ஃபேக்டரியில், ஸ்டிச்சிங் ஹாலில் செக்கராக இருந்தேன். ஷூவின் மேல்பாகத்தை நாங்கள் அப்பர் என்போம். தைத்து வரும் அப்பரைத் திருப்பிப் பார்த்து, தையல் விலகியிருந்தால், தோலில் கீறல் இருந்தால், ரிஜெக்ட் என்று ஒதுக்கிப் போடுவேன். குழந்தை பிறந்ததும் அதை விட்டுவிட்டேன். பிறகு பைபாஸ் ரோட்டில் ரியாஸ் பாய் குடும்பத்தின் சின்ன ஜாப் ஒர்க் யூனிட்டில் அதே வேலைக்குச் சேர்ந்தேன்.

அந்த யூனிட்டுக்கு மாடியில் ஒரு ஹால் சும்மா கிடந்தது. அதில்தான் ரியாஸ் பாய் கேம் கம்பெனி ஆரம்பித்தார். அவருடைய அப்பாவுக்கு விஷயம் தெரியும், ஆனால் புரியாது. "மேல இன்னாதான் பண்றாங்க?" என்று கீழே எங்களிடம் வந்து கேட்பார்.

ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ரியாஸ் பாய் போனைக் கையில் கொடுத்து, "ஸ்டெல்லா, இத கொஞ்சம் ஆடிப் பாரு" என்றார். ஆடினேன். படி ஏறும்போது கால் படிக்குள் புதைகிறது, கதவுக்கு நிழல் இல்லை, தண்ணீர் இடது பக்கம் அசைகிறது வலது பக்கம் அசையவில்லை என்று வரிசையாகச் சொன்னேன். அவர் முகம் சுருங்கிப் போய்விட்டது.

"நீ கீழ வேணாம். மேல வா" என்றார்.

2. தோல் உரித்த பேய்

எங்கள் கேமின் கதை இதுதான். ஆம்பூரிலிருந்து ஷூ ஏற்றிப் போகும் ஒரு கன்டெய்னர், கப்பலிலிருந்து கடலில் விழுந்துவிடுகிறது. அதில் ஓர் இடது கால் ஷூ மட்டும் தப்பித்து, தன் ஜோடியான வலது கால் ஷூவைத் தேடிப் போகிறது. பாறைக்குப் பாறை தாவும், எதிரில் வருவதை உதைக்கும். கை கிடையாது. கடைசியில், கன்டெய்னருக்குக் காவல் இருக்கும் ஒரு பெரிய வில்லனை ஜெயித்தால்தான் ஜோடி கிடைக்கும். அந்த மாதிரிக் கடைசி வில்லனுக்கு எங்கள் தொழிலில் பாஸ் என்று பேர்.

மேலே மூன்று பேர். கம்ப்யூட்டர் கோடு எழுதுவது தினகரன். ஒடுகத்தூரிலிருந்து பஸ்ஸில் வருவான், பஸ்ஸிலேயே தூங்குவான். படம் வரைவது அஃப்ரோஸ், கீழே பேக்கிங்கில் இருக்கும் ஷாகிதாவின் மகள், ஃபைன் ஆர்ட்ஸ் படித்தவள். குறை சொல்வது நான்.

மூன்று பேரில் ஒருத்தர்கூடக் கடலோரத்தில் வளர்ந்தவர் இல்லை. பாலாற்றில் தண்ணீர் வந்தாலே போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கிற ஊர் எங்களுடையது. பாஸ் என்ன ஜந்து என்று ஒரு வாரம் சண்டை போட்டோம். சுறா பழசு, ஆக்டோபஸ் வேண்டாம், கால் ஜாஸ்தி, அனிமேஷன் பண்ண முடியாது என்றாள் அஃப்ரோஸ். அப்புறம் அவளே திருக்கை மீனைக் கொண்டுவந்தாள். ஏதோ கண்காட்சியில் திருக்கைத் தோலில் செய்த பர்ஸ் பார்த்திருக்கிறாள்.

"தோலை உரிச்சு பர்ஸ் பண்ணிட்டாங்க. அந்தத் திருக்கை பேயா வந்து பழி வாங்குது. தோல் இல்லாததால உள்ள இருக்கிறதெல்லாம் தெரியும், கண்ணாடி மாதிரி" என்றாள்.

ரியாஸ் பாய்க்குத் தூக்கிவாரிப் போட்டது. "அரே, நம்ம சோறே தோல்தாம்மா. நம்மளையே கிண்டல் பண்ணணுமா?"

"மீன் தோல்தானே பாய். நாம ஆடு, மாடுதானே பண்றோம்" என்றான் தினகரன்.

அந்த நியாயம் எப்படியோ அவருக்குச் சரியாகப்பட்டது.

படம் பிரமாதமாக வந்தது. வெளிறின நீலத்தில், விசிறியை விரித்தது போல, ஓரமெல்லாம் அலை அடிக்கும். ஆனால் நடத்தையில் ஒன்றும் இல்லை. சும்மா மிதந்தது. "பேய்க்கு ஒரு சுபாவம் வேணும்" என்றான் தினகரன். "அக்கா, நீங்க வாழ்க்கைல பாத்ததுலயே ரொம்ப பயமான ஆள் யாரு?"

யோசிக்கவே இல்லை. "தேவராஜ் சார்" என்றேன்.

தேவராஜ் சார் ஃபேக்டரியில் எங்கள் ஹால் சூப்பர்வைசர். முழங்கால் வரைக்கும் தொங்கும் வெள்ளைக் கோட்டு போட்டிருப்பார், பட்டன் போடமாட்டார், இரண்டு பக்கமும் விரிந்து ஆடும். எப்போது வந்தார் என்றே தெரியாது. திரும்பினால் பின்னால் நிற்பார். மேஜையிலிருந்து ஓர் அப்பரை எடுப்பார். ட்யூப் லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடிப்பார். "ஹ்ம்ம்" என்று ஒரு கனைப்பு. அப்புறம் அதை என் முன்னால் விட்டெறிந்து, "இன்னாம்மா இது?" என்பார். நிமிர்ந்து பதில் சொல்வதற்குள் ஆள் இருக்கமாட்டார்.

எழுந்து நடித்தே காட்டினேன். அஃப்ரோஸ் சிரித்துக்கொண்டே வரைந்தாள். தினகரன் மைக்கை நீட்டினான், நான் கனைத்துக் கொடுத்தேன். திருக்கை மாயமாகும், ஷூவுக்குப் பின்னால் திடீரென்று முளைக்கும், தூக்கும், வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும், என் குரலில் கனைக்கும், விட்டெறியும். ஷூ காலி.

அன்றைக்கு வயிறு வலிக்கச் சிரித்தோம். ஃபைலுக்கெல்லாம் தினகரன் தேவராஜ் என்றே பேர் வைத்தான்.

3. இது பாஸ் இல்ல, பேஜார்

பிரச்சினை என்னவென்றால், அதை யாராலும் ஜெயிக்க முடியவில்லை.

எங்கிருந்து வரும், எப்போது வரும், ஒன்றும் தெரியாது. நான் முயன்றேன், அஃப்ரோஸ் முயன்றாள், கீழே பேக்கிங்கில் இருந்த பையன்கள் எல்லாரும் வந்து முயன்றார்கள். தினகரன் மட்டும் ஜெயிப்பான். அவன்தானே எழுதினான்.

"தினா, இது ஆடறவங்களுக்கு அநியாயம்பா" என்றேன்.

"பேய் சொல்லிட்டா அக்கா வரும்?"

"சொல்லிட்டு வரலன்னா அது பாஸ் இல்லடா, பேஜார்."

அவன் ஹெட்போனை மாட்டிக்கொண்டான். பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

கேமை வெளியிட ஒத்துக்கொண்டிருந்தது பெங்களூரில் ஒரு கம்பெனி. அங்கேயும் டெஸ்டர்கள் ஆடிப் பார்த்தபிறகு, அந்தக் கம்பெனியை நடத்தும் அம்மா போன் பண்ணினார். ரியாஸ் பாய் ஸ்பீக்கரில் போட்டார். "படம் அருமையா இருக்கு. பாஸ் கிட்ட வந்ததும் எல்லாரும் கேமை மூடிட்டுப் போய்டறாங்க. அடுத்து நீங்க திருத்தி அனுப்பற பில்டுலயும் இப்படியே இருந்தா, சாரி, நாங்க எடுத்துக்க முடியாது."

போனை வைத்ததும் ரியாஸ் பாய் எங்கள் யாரையும் பார்க்கவில்லை. ஜன்னல் வழியே கீழே லாரியைப் பார்த்துக்கொண்டு, "அப்பா அட்டைப் பெட்டி வைக்க இந்த ஹால் வேணும்னு கேட்டுட்டிருக்காரு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அஃப்ரோஸ் தன் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். நான், மறுபடியும் கீழே என் மேஜை காலியாக இருக்கிறதா என்று யோசித்தேன்.

தினகரனும் பயந்துவிட்டான். திருக்கையின் வேகத்தைக் குறைத்தான், சுகமில்லாத ஆள் மாதிரி ஆகிவிட்டது. அடியைக் குறைத்தான், கொசுத்தொல்லை மாதிரி ஆகிவிட்டது. மறையாமல் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வைத்தான், அப்புறம் அது பேயே இல்லை, மீன் கடை. எல்லாவற்றையும் பழையபடி மாற்றிவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

4. புது மேனேஜர்

அந்த நேரம் பார்த்து ரியாஸ் பாய்க்கு ஒரு ஞானம் வந்தது. பிரச்சினைக்குக் காரணம் நாங்கள் லேட்டாக வருவதுதான் என்று முடிவு கட்டினார். ஆபீசைக் கட்டி மேய்க்க ஒரு மேனேஜர் போட்டார். அப்பாவுக்குத் தெரிந்தவராம், ஃபேக்டரியில் ரிட்டையர் ஆகி வீட்டில் சும்மா இருக்கிறாராம்.

திங்கட்கிழமை காலையில் மாடிப்படி ஏறி வந்தது தேவராஜ் சார்.

கோட்டு இல்லை. அரைக்கைச் சட்டை. முடி முழுக்க வெளுத்திருந்தது. மற்றபடி அதே ஆள்.

என்னைப் பார்த்ததும் நின்றார். "நீ அந்த ஸ்கைவிங் மெஷின் பக்கத்துல உக்கார்ற பொண்ணுதானே. ஸ்டெல்லா."

"ஆமா சார்" என்றேன். அவருக்குப் பின்னால் சுவர் நீளத்துக்கு அஃப்ரோஸ் வரைந்த போஸ்டர். இரண்டு பக்கமும் விரிந்த வெள்ளை ஓரத்தோடு அவரே மிதந்துகொண்டிருந்தார்.

அவர் டீ குடிக்கப் போனதும் மூன்று பேரும் கூடிப் பேசினோம். இனிமேல் யாரும் வாயால் தேவராஜ் என்று சொல்லக்கூடாது. மீன் என்றுதான் சொல்ல வேண்டும். சவுண்டை ஹெட்போனில்தான் கேட்க வேண்டும். அஃப்ரோஸ் போஸ்டர் மேல் காலண்டரை மாட்டினாள். பாதிதான் மறைந்தது.

சார் வேலையைத் தொடங்கினார். எல்லாரும் ஒன்பது மணிக்கு வந்தோம். டீ டம்ளர் கழுவி வைத்தோம். வயர்களையெல்லாம் கட்டி ஒழுங்குபடுத்தினார். கேம் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. தப்பித்தோம் என்றே நினைத்தேன்.

வியாழக்கிழமை தினகரன் ஹெட்போனைக் கழற்றாமலே, எனக்குக் கேட்கட்டும் என்று ஹால் முழுக்கக் கத்தினான். "அக்கா, தேவராஜ் சாகறது ரொம்ப நீளமா இருக்கு. பாதியா வெட்டிடவா?"

சார் அவன் நாற்காலிக்குப் பின்னால்தான் நின்றிருந்தார்.

5. ஒண்ணு மட்டும் பொய்

தினகரன் என் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகத் திரும்பினான்.

"எந்த தேவராஜ்?" என்றார் சார்.

அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "போடு, பாக்கலாம்."

போட்டான். ஷூ பாறையில் தாவி வந்தது. பின்னால் திருக்கை முளைத்தது. தூக்கியது. வெளிச்சத்தில் பிடித்தது. "ஹ்ம்ம்" என்று கனைத்தது, இந்தத் தடவை ஸ்பீக்கரில். விட்டெறிந்தது.

"இன்னொரு வாட்டி" என்றார்.

மூன்று தடவை பார்த்தார். இன்றைக்கே வேலை போய்விடும், ரியாஸ் பாயால் ஒன்றும் செய்ய முடியாது, அவர் அப்பாவின் ஆளாயிற்றே என்று எனக்குள் ஓடியது.

"அந்தக் கனைப்பு யாரு?"

"நான்தான் சார்."

"நல்லா வரல. நான் ரெண்டு வாட்டி கனைப்பேன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கோட்டு சரி. தூக்கிப் பாக்கறதும் சரி. விட்டெறியறதும், சரி, எறிஞ்சிருக்கேன். ஒண்ணு மட்டும் பொய்."

"எது சார்?"

"நான் என்னைக்குமே இப்படிப் பின்னாடி வந்து திடீர்னு நின்னதில்ல. லைனுக்குள்ள வர்றதுக்கு முன்னாடி சாவிக்கொத்த ஆட்டுவேன். தூங்கறவங்க முழிச்சுக்கட்டும், பேசறவங்க நிறுத்திக்கட்டும்னு. ஜி.எம். கூட ரவுண்டு வர்றப்ப இன்னும் பலமா ஆட்டுவேன். பொம்பளைங்க அத்தனை பேரும் வேலை செய்ற எடம். நான் இன்னா திருடனா, சத்தம் இல்லாம வர்றதுக்கு?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அத்தனை வருஷம் அந்த ஆளிடம் பயந்து செத்திருக்கிறேன், இப்போது கதை சொல்கிறார் என்று. "நான் ஒரு நாள்கூடக் கேட்டதில்ல சார்."

"நீ ஸ்கைவிங் மெஷின் பக்கத்துல உக்காந்த. அது கத்தற கத்துக்கு உனக்கு எங்க கேக்கும்? எத்தனை வாட்டி சொன்னேன், எடம் மாத்திக்கோன்னு. ஃபேன் காத்து வருதுன்னு அங்கேயே ஒக்காந்த."

எழுந்து டீ குடிக்கப் போய்விட்டார்.

உடனே பர்வீனுக்குப் போன் பண்ணினேன். பர்வீன் ஹாலின் அந்தப் பக்கம் தையல் மெஷினில் இருந்தவள், இப்போதும் அங்கேயே வேலை செய்கிறாள். "ஏய், தேவராஜ் சார் வர்றப்ப சாவிச் சத்தம் வருமா?"

"ஆமாடி. சத்தம் கேட்டதும் நாங்கல்லாம் போனை உள்ள வெச்சிடுவோம். ஏன், உனக்குத் தெரியாதா?"

"எனக்கு யாருமே சொல்லலையே."

"தெரியும்னு நினைச்சோம்டி. தெரிஞ்சும் தைரியமா உக்காந்திருக்காளேன்னு பேசிப்போம்."

போனை வைத்தேன். தோலின் ஓரத்தை மெல்லிசாகச் சீவுகிற அந்த மெஷின் நாள் முழுக்க என் காதுக்குப் பக்கத்திலேயே அலறும், அது உண்மைதான். ஃபேன் காற்றும் உண்மைதான். ஹால் முழுக்க எல்லாரும் ஒரு மனிதரிடம் வேலை செய்திருக்கிறார்கள். நான் ஒருத்திதான் ஒரு பேயிடம் வேலை செய்திருக்கிறேன்.

அப்புறம்தான் மண்டையில் ஏறியது. "தினா" என்றேன். "நம்ம மீனுக்குச் சாவி இல்லடா."

6. அழகாகப் போகணும்

அடி விழுவதற்கு முன்னால், விழப்போகிறது என்று ஆடுகிறவருக்குக் காட்டுகிற சின்ன அடையாளத்தை எங்கள் தொழிலில் டெல் என்பார்கள். ஒரு கண் சிமிட்டல், ஒரு சத்தம், ஏதோ ஒன்று. எங்கள் திருக்கைக்கு அது இல்லை. ஏனென்றால் என் ஞாபகத்திலிருந்த தேவராஜ் சாருக்கும் அது இல்லை. எனக்குக் கேட்காததை நான் எப்படி நடித்துக் காட்டியிருப்பேன்?

தினகரன் முதலில் முறைத்தான். "பேய் சாவிய ஆட்டிக்கிட்டு வருமா அக்கா? சிரிப்பாங்க." பிறகு, சரி, ஒரு தடவை வைத்துப் பார்க்கலாம் என்றான்.

கீழே யூனிட்டின் பூட்டுச் சாவிகளையெல்லாம் வாங்கி ஒரு வளையத்தில் கோத்தோம். சார் அதைக் கையில் வாங்கி ஆட்டிப் பார்த்துவிட்டு, "கம்மியா இருக்கு" என்று தன் வண்டிச் சாவியையும் சேர்த்தார். எங்களுக்கு ஆட்டத் தெரியவில்லை என்று அவரே மைக் முன்னால் நின்று ஆட்டிக் கொடுத்தார். கனைப்பையும் கொடுத்தார். இரண்டு தடவை.

தண்ணீருக்குள் கேட்கிற மாதிரி தினகரன் அந்தச் சத்தத்தைக் கொஞ்சம் இழுத்து, மங்கலாக்கினான். திருக்கை மறைந்திருக்கும். இடது பக்கமிருந்து மெல்லிசாகச் சலங் சலங் என்று வரும். வலது பக்கம் தாவினால் பிழைத்தோம். ஒரு நொடி தாமதித்தால் போச்சு. யாரும் சிரிக்கவில்லை. முன்னால் வெறும் எரிச்சலாக இருந்தது, இப்போதுதான் நிஜமாகவே பயம் வந்தது. வருகிறது என்று தெரிந்தபிறகு காத்திருப்பதுதான் பயம் போலிருக்கிறது.

அன்று மத்தியானமே நான் ஜெயித்தேன். திருக்கை வெடித்துத் துண்டு துண்டாகச் சிதறியது. நான் நாற்காலியிலிருந்து எழுந்து கையைத் தூக்கிவிட்டேன். அப்புறம்தான் சார் பார்த்துக்கொண்டிருப்பது ஞாபகம் வந்தது.

"இந்த மாதிரி சாகக்கூடாது" என்றார். "இன்னா இது, பட்டாசு மாதிரி. அழகா போகணும்."

அஃப்ரோஸ் இரண்டு நாள் உட்கார்ந்து மாற்றினாள். இப்போது தோற்றதும் திருக்கை தன் இரண்டு ஓரங்களையும் கோட்டைப் போர்த்திக்கொள்வது போல மடித்துக்கொண்டு, அவசரப்படாமல் கீழே இறங்கிப் போகும். நான் அந்தக் காட்சியை எத்தனையோ தடவை டெஸ்ட் பண்ணிவிட்டேன். இன்னும் குறை கண்டுபிடிக்க முடியவில்லை.

பெங்களூர் அம்மா அடுத்த வாரம் கூப்பிட்டார். அவர்களுடைய டெஸ்டர்களில் பாதிப் பேர் ஜெயித்துவிட்டார்களாம், மீதிப் பேர் விடாமல் ஆடிக்கொண்டிருக்கிறார்களாம். அந்தச் சத்தத்தை வைக்க எப்படித் தோன்றியது என்று கேட்டார். ரியாஸ் பாய் கொஞ்சமும் கூசாமல், "நிறைய ரிசர்ச் பண்ணோம் மேடம்" என்றார். அட்டைப் பெட்டிக்கு அவர் அப்பா வேறு இடம் பார்த்துக்கொண்டார்.

கேம் வெளிவந்துவிட்டது. சார் மத்தியானத்தில் சாப்பாட்டை முடித்துவிட்டுக் கண்ட்ரோலரை எடுத்து உட்காருவார். அவருக்கு ஆடவே வராது. முதல் பாறையிலிருந்து இரண்டாவது பாறைக்குத் தாவவே ஒரு மாதம் ஆயிற்று. நாங்கள் உதவிக்குப் போனால் திட்டுவார். போன வாரம் ஒரு வழியாகக் கன்டெய்னர்வரைக்கும் போய்ச் சேர்ந்தார். ஹாலே கூடி நின்று பார்த்தது. திருக்கை பின்னால் வந்து அவர் ஷூவைத் தூக்கி, நிதானமாகப் பார்த்து, விட்டெறிந்தது.

சார் கண்ட்ரோலரைக் கீழே வைத்தார். "ரொம்ப ஸ்ட்ரிக்டா இருக்கான்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

இந்த வேலைக்கு வர நினைக்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல இருப்பது ஒன்றுதான். பக் ரிப்போர்ட், அதாவது கேமில் கண்ட குறைகளை, எழுதும்போது 'சத்தம் வரவில்லை' என்று எழுதாதீர்கள். 'நான் உட்கார்ந்த இடத்தில் எனக்குக் கேட்கவில்லை' என்று எழுதுங்கள். இரண்டும் வேறு வேறு பக். முதலாவதைத் தினகரன் மாதிரி ஒருத்தன் சரிபண்ணிவிடுவான். இரண்டாவதுக்கு நீங்கள்தான் எழுந்து போய் வேறு இடத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும், ஃபேன் காற்று வராவிட்டாலும்.